நயாகராவுக்குப் போய் நீர்வீழ்ச்சி பார்க்காமல் வந்த கதை

கனடாவுக்கு வந்து 22 வருசம். நயாகராவுக்கு எத்தனை தரம் போயிருப்பேன் என்று கேட்டால் கைவிரலும் போதாது, கால்விரலும் போதாது. லண்டனில் இருந்து சித்தி வந்தால் நயாகரா, பாரிசில் இருந்து மச்சாள் குடும்பம் வந்தால் நயாகரா, ஊரில் இருந்து ஆராவது விசா கிடைத்து வந்திறங்கினால் அடுத்த சனிக்கிழமையே நயாகரா. வானுக்குள் எட்டுப் பேர், பின்னுக்கு ரொறன்ரோவின் ஸ்காபுரோப் பக்கம், எங்கள் இடத்தில், வாங்கின ரோல்ஸ் பெட்டி, தெர்மோஸில் தேத்தண்ணி. நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று நனைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். போகிற வழியெல்லாம் நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டே வரும், அதை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்பா மட்டும் ஒருக்கால் பார்த்துவிட்டு, “இதென்ன, பந்தல் இல்லாமல் முந்திரிகை?” என்று கேட்டார். (யாழ்ப்பாணத்தில் திராட்சைக்குப் பெயர் முந்திரிகை. தமிழ்நாட்டுக்காரர் பாயாசத்தில் போடுவதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் கல்த்தூணும் கம்பியுமாகத் தலைக்கு மேல் பந்தல் போட்டு அதில் கொடியைப் படரவிடுவார்கள், பழக்குலை எங்கள் நெற்றியில் வந்து முட்டும். இங்கே இடுப்பளவு உயரத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கிறது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

போன ஜனவரிக் கடைசியில் சிநேகிதி தொலைபேசி எடுத்தாள். ஊரில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. இப்போது ஸ்காபுரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்கிற நகரத்தில் இருக்கிறாள், வங்கியில் வேலை, இரண்டு வருசத்துக்கு முன்னால் பின்னேர வகுப்பு ஒன்றுக்குப் போய் வைனைப் பற்றிப் படித்துச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறாள். “குடிக்கிறதுக்கும் படிப்போ?” என்று அவளுடைய மாமியார் கேட்டாவாம். “சனிக்கிழமை வாறியா, ஐஸ்வைன் காலம், ஒரு நாளில போட்டு வந்திடலாம், நான்தான் கார் ஓடுறன், நான் விழுங்க மாட்டன், துப்புவன்” என்றாள். ஐஸ்வைன் என்றால் கொடியிலேயே உறைந்துபோன திராட்சையில் செய்கிற இனிப்பு வைன். துப்புவாளாம். சரி, பார்ப்போம் என்று வெளிக்கிட்டேன்.

அம்மாவிடம் நயாகரா என்று மட்டும் சொன்னேன், பொய் இல்லைத்தானே.

“இந்தக் குளிருக்கையோ? தண்ணி உறைஞ்செல்லோ கிடக்கும்.”

“ஓம் அம்மா, உறைஞ்சதைப் பாக்கத்தான் போறம்.”

ஸ்காபுரோவில் இருந்து நயாகரா-ஒன்-த-லேக் என்கிற ஊர் கிட்டத்தட்ட 150 கிலோமீற்றர். ஹமில்ரனில் பாலம் ஏறி இறங்கினால் இடது பக்கம் ஒன்ராறியோ ஏரி, வலது பக்கம் நயாகரா மலைச்சரிவு. மலை என்று சொன்னாலும் நீளத்துக்கு ஒரு மதில் போட்ட மாதிரித்தான் இருக்கும். அந்த ஏரிக்கும் அந்த மதிலுக்கும் இடையில் அகப்பட்ட ஒடுக்கமான நிலம்தான் எல்லாம். ஏரி கோடை முழுக்க வாங்கி வைத்த சூட்டை மாரி தொடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதனால் பழம் பழுக்க இரண்டு மூன்று கிழமை கூடுதலாகக் கிடைக்கும். இளவேனிலில் அதே ஏரி குளிர்ந்து கிடந்து மொட்டை அவசரப்பட்டு வெடிக்க விடாது, பின்பனியில் கருகாமல் தப்பும். ஏரியில் இருந்து வருகிற காற்று சரிவில் முட்டித் திரும்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் அவள் ஓடிக்கொண்டு சொன்னது, இடையிடையே முன்னால் போன ட்ரக்குக்குப் பேச்சும் விழுந்தது.

முதல் இடம் பீம்ஸ்வில் பக்கம், சரிவின் மடியில். காலை பதினொரு மணி, வெளியே பனி முழங்கால் அளவு, உள்ளே விறகு எரியும் வாசம். மேசையில் கிளாசுகளுக்குப் பக்கத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு குவளை வைத்திருந்தார்கள், துப்புவதற்கு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மம்மாவின் படிக்கம்! பித்தளையில், இடுப்பு ஒடுங்கி வாய் விரிந்து, திண்ணையில் அவவின் காலடியில் எப்போதும் இருக்கும், வெற்றிலை போட்டுவிட்டு ஒரு துளி வெளியே சிந்தாமல் துப்புவா. அந்தப் படிக்கத்தைக் கழுவச் சொன்னால் நாங்கள் எல்லாரும் ஓடி ஒளிவோம். இங்கே காசு கொடுத்து வந்து, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, அதே வேலையைச் செய்கிறார்கள். என் சிநேகிதி வாயில் வைனை உருட்டி, பல்லிடுக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, நேர்கோடாகத் துப்பினாள், அம்மம்மா தோற்றுவிடுவா. நான் முயன்றேன், தாடையெல்லாம் வழிந்தது. அதற்குப் பிறகு விழுங்குவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஊற்றியது நுரைக்கிற வைன். ஊற்றிக் கொடுத்த பிள்ளை, முப்பது வயதுகூட இராது, இது போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளித்தது, செத்த ஈஸ்ட்டோடு மூன்று வருசம் படுத்திருந்தது, அதனால் பிரெஞ்சுக்காரரின் பிரியோஷ் பாண் வாசம் வரும் என்றாள். நான் மூக்கை வைத்தேன். பிரியோஷ் நான் இரண்டு தரமோ மூன்று தரமோ தின்றிருப்பேன். எனக்கு வந்தது அப்பமாவின் வாசம். இரவு கள்ளு விட்டுக் கரைத்து மூடி வைத்த மாவை விடிய மூடி திறக்கும்போது குப்பென்று ஒன்று அடிக்குமே, புளிப்பும் இனிப்பும் கலந்து, அதேதான். அந்தக் கள்ளை வாங்கிவரச் சின்ன வயதில் போத்தலோடு என்னைத்தான் அனுப்புவார்கள். வருகிற வழியில் மூடியைத் திறந்து மணந்து பார்க்காமல் நான் வீடு வந்து சேர்ந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் நான் செய்த முதல் டேஸ்டிங் அதுதான்.

“அப்பமா” என்றேன் சிநேகிதியிடம் மெதுவாக. அவள் கிளாசைத் திரும்ப எடுத்து மணந்து, “எடியே, ஓம்” என்று கத்தினாள், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். சான்றிதழ் வாங்கினவள் இரண்டு வருசமாக எல்லாக் குறிப்பிலும் பிரியோஷ் என்று எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அடுத்தது ரீஸ்லிங் என்கிற வெள்ளை வைன், பத்து வருசம் போத்தலில் இருந்தது. வெளிர்மஞ்சள். கிளாசை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

மண்ணெண்ணெய்.

கற்பனை இல்லை, ரீஸ்லிங் வயதாக வயதாக அப்படித்தான் ஆகுமாம், அதற்கென்றே ஒரு சேர்மம் இருக்கிறதாம், அது பிடித்தே தேடி வாங்குகிற ஆட்களும் உண்டாம். எங்களுக்கு அது வேறு. யுத்தத்தில் 1990இல் ஊரில் கரண்ட் போனது, பிறகு பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் தங்கத்தை விடப் பெரிசு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைய மட்டும் எண்ணெய், மூடியில் ஓட்டை போட்டுத் திரி, அந்த வெளிச்சத்தில்தான் இரண்டு பேரும் ஓ.எல். சோதனைக்குப் படித்தோம். விடிய எழும்பினால் மூக்குத்துவாரம் கறுப்பாக இருக்கும். முன்னுக்குக் குனிந்து படித்து இவளுடைய முன்மயிர் ஒருநாள் பொசுங்கி, அந்தக் கோலத்தோடேயே பள்ளிக்கூடம் வந்தாள்.

ஊற்றின பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்து, பிடிக்கவில்லையா என்று கேட்டாள். இவள், “கெரசின்” என்றாள். அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோசம்! இங்கே வருகிறவர்கள் வாசம் தெரிந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்படுவார்களாம், நீங்கள் எப்படி உடனே பிடித்தீர்கள் என்று கேட்டாள். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். “பழக்கம்” என்றேன். வேறு என்ன சொல்வது, பின்னால் ஆள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த ரீஸ்லிங்கை மட்டும் என் சிநேகிதி துப்பவில்லை. ஒரு வாய்தான், ஆனால் விழுங்கினாள். அதற்காகவே அங்கே இன்னும் முக்கால் மணி நேரம் கணப்புக்குப் பக்கத்தில் இருந்து, தண்ணி குடித்து, பழங்கதை கதைத்துவிட்டுத்தான் காரை எடுத்தோம்.

பகல் சாப்பாடு காருக்குள்ளே. தோட்டங்களில் இருக்கிற உணவகங்களின் விலைப்பட்டியலை வாசலில் நின்று வாசித்துவிட்டு, பேசாமல் வந்து மட்டன் ரோல்ஸைப் பிரித்தோம். அது ஒரு பிழை. உறைப்பு நாக்கில் நிற்கும்போது வைன் குடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், பசியில் மறந்துபோனாள்.

இரண்டாவது இடத்தைப் பற்றிக் கனக்கச் சொல்ல விருப்பமில்லை. பெரிய மண்டபம், பெரிய விளக்கு. கவுண்டரில் நின்ற ஆள் எங்களைப் பார்த்ததும், நாங்கள் வாயே திறக்கவில்லை, “உங்களுக்கு ஏதாவது இனிப்பாகத் தரட்டுமா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சோடிக்கு அப்படிக் கேட்கவில்லை, அவர்களுக்குப் பட்டியலைக் கொடுத்தார். என் சிநேகிதி சிரித்துக்கொண்டே, இருக்கிறதிலேயே இனிப்பில்லாத சிவப்பைத் தாருங்கள், எந்தத் தோட்டம், எந்த வருசம், மரப்பீப்பாயில் எத்தனை மாதம் என்றும் சொல்லுங்கள் என்றாள். மூன்றாவது கேள்விக்கு அவர் உள்ளே போய்க் கேட்டுவரவேண்டி வந்தது. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம், மறைக்கவில்லை.

வந்தது கபெர்னே ஃபிராங்க். இந்தக் குளிர் மண்ணில் ஒழுங்காகப் பழுக்கிற சிவப்பு இதுதானாம். மணந்தால் கறிமிளகாயை இரண்டாகப் பிளந்த வாசம், வாயில் வைத்தால் கயர்ப்பு. ஆனால் ரோல்ஸ் உறைப்பு அடங்காத நாக்கில் அது நெருப்பாகப் பற்றியது, மதுசாரம் உறைப்பை ஊதிவிடுமாம், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. இனிப்பாகத் தரட்டுமா என்று கேட்ட மனிதர் முன்னால் இருமிக்கொண்டு நின்றதுதான் வெட்கம். நியாயமாகப் பார்த்தால் அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது லேசான இனிப்பு வைன்தான், உறைப்புக்கு அதுதான் தோது. அதை அந்த ஆளிடம் ஆர் கேட்பது?

கயர்ப்பு என்றதும் நினைவு வருகிறது. பக்கத்தில் நின்ற சோடிக்கு இன்னொரு பணியாள் டானின் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார், கறுத்தத் தேத்தண்ணி, வாய் உலர்வது, ஈறு இழுப்பது என்று கையைக் காலை ஆட்டி ஐந்து நிமிடம். நாவற்பழம் தின்று வளர்ந்தவர்களுக்கு இது ஒரு சொல். துவர்ப்பை ஆறு சுவையில் ஒன்றாக எண்ணி வைத்திருக்கிற பாசையில் பிறந்துவிட்டு, இவ்வளவு காலமும் இந்த விசயம் எங்களுக்கு விளங்காது என்று ஒதுங்கி நின்றிருக்கிறேன். ‘ஒரே தோட்டத்து வைன்’ என்று லேபிலில் போட்டு விலையைக் கூட்டுகிறார்களே, ஒருமரத்துக் கள்ளுத்தான் குடிப்பேன் என்று அடம்பிடித்த பெரியப்பா கேட்டால் இதில் என்ன புதினம் என்று கேட்பார்.

அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்கினோம். வெளித்த நாள். தண்ணிக்கு அந்தப் பக்கம், அடிவானத்தில், ஊசி குத்தி வைத்த மாதிரி சீ.என். கோபுரம். நேரே பார்த்தால் அவ்வளவு கிட்ட, ஆனால் வீட்டுக்குப் போக ஏரியை அரைவட்டம் சுற்ற வேண்டும். நாலு நிமிடத்தில் காது மரத்துவிட்டது, ஓடிவந்து காருக்குள் ஏறினோம்.

மூன்றாவது இடத்துக்குத்தான் இவ்வளவு பாடும். சின்னத் தோட்டம், தகரக் கொட்டகை, நாய் ஒன்று. கொட்டகைக்குப் பின்னால் சில வரிசை கொடிகளில் இன்னும் பழம் தொங்கியது. சனவரி மாதத்தில்! இலை ஒன்றும் இல்லை, மண்ணிற வலை சுற்றி, அதற்குள் பொன்னும் பழுப்புமாகச் சுருங்கின குலைகள், மேலே பனி. வலை ஏன் என்றால் குருவிகள். இனிஸ்கிலின் என்ற வைனகம் 1975இல் உரிமம் எடுத்து, 1983இல் முதன்முதலாக ஐஸ்வைனுக்கென்று பழத்தைக் கொடியில் விட்டுவைக்க, குருவிகள் வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போய்விட்டன. அடுத்த வருசம் வலை கட்டித்தான் முதல் ஐஸ்வைன் எடுத்தார்கள். 1989ஆம் வருசத்துப் பழத்தில் செய்தது 1991இல் பிரான்சில் போர்தோ நகரத்துக் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்க, அதற்குப் பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பியது.

அந்தத் தோட்டக்காரர் அறுபது தாண்டினவர், கையெல்லாம் வெடிப்பு. வெப்பநிலை -8க்குக் கீழே இறங்க வேண்டும், இறங்கி அப்படியே நிற்க வேண்டும், அது சட்டம் என்றார். அவருக்கு -10, -11 வந்தால்தான் மனம் ஆறும். அநேகமாக நடுச்சாமம், விடியப்புறம், தொலைபேசி அடித்ததும் ஆட்கள் வருவார்கள், விறைத்த பழம் கையில் கோலிக்குண்டு மாதிரி இருக்கும், வெயில் ஏறுவதற்குள் பறித்து அந்தக் குளிரிலேயே பிழிந்து முடித்துவிட வேண்டும். தண்ணி பனிக்கட்டியாகச் சக்கையோடு நின்றுவிடும். கீழே சொட்டுச் சொட்டாக வருவது சர்க்கரையும் புளிப்பும் இறுகின சாறு. சாதாரணமாக வருகிற சாற்றில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிய விசயம். சாறு 35 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது, அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை.

நான் கேட்டுக்கொண்டே நின்றேன், மனம் வேறெங்கோ போய்விட்டது. ஊரில் கருப்பணியை, அதாவது புளிக்காத பனஞ்சாற்றை, இறக்கி, பெரிய தாச்சியில் விட்டு, நாள் முழுக்க அடுப்பெரித்துத் தண்ணியைப் போக்கிப் பனங்கட்டி ஆக்குவார்கள். இவர்கள் அதே தண்ணியைக் குளிரால் போக்குகிறார்கள். நெருப்பு இருந்த இடத்தில் நெருப்பு, பனி இருந்த இடத்தில் பனி. இதைத் தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது, சிநேகிதி ஆங்கிலத்தில் பனை, கருப்பணி, பனங்கட்டி போடுகிற ஓலைக் குட்டான் எல்லாம் விளங்கப்படுத்தினாள், அவர் முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த மரத்தில் ஆர் ஏறுவது, எவ்வளவு உயரம்? சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு, “எனக்குக் குளிரே போதும்” என்றார்.

விடால் திராட்சையில் செய்தது. தோல் தடிப்பு, அதனால்தான் தை மாதம்வரை கொடியில் தாக்குப்பிடிக்கும். பெருவிரல் உயரத்துக்குத்தான் ஊற்றினார். தேன் நிறம், கிளாசைச் சரித்தால் சுவரில் ஒட்டி மெதுவாக இறங்குகிறது. வாசம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நன்றாகப் பழுத்து, காம்படியில் பால் காய்ந்து, நாளைக்கு வைத்தால் பழுதாகிவிடும் என்கிற பதத்தில் இருக்குமே, அது. வாயில் வைத்ததும் பாணி மாதிரி இனிப்பு முழுக்கப் பரவியது, ஐயோ திகட்டப் போகிறது என்று நினைக்கிற நேரம் பின்னால் இருந்து ஒரு புளிப்பு எழும்பி வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போனது, தேசிக்காய் பிழிந்த மாதிரி. விழுங்கின பிறகு வாயில் இனிப்பே இல்லை, மாம்பழ வாசம் மட்டும் மூக்கில் நிற்கிறது. உறைப்பும் அப்போதுதான் அடங்கியது. என் சிநேகிதி துப்பிவிட்டு, துப்பின குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பாவம்.

சும்மா சொல்லக்கூடாது, விலையும் அப்படித்தான். 375 மில்லிலீற்றர்ப் போத்தல் 60 டொலருக்கு மேல். நான் 200 மில்லியில் ஒன்று வாங்கினேன், அவள் எனக்கு அப்பமா வாசத்தில் ஒன்று எடுத்து வந்திருந்தாள், எப்போது வாங்கினாள் என்றே தெரியாது. நீர்வீழ்ச்சிக்கு இன்னும் இருபது நிமிடம்தான், போய்ப் பார்த்துவிட்டுப் போவோமா என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஸ்காபுரோவுக்குத் திரும்பினோம்.

அந்தச் சின்னப் போத்தலை அன்றிரவே உடைத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் அம்மா கண்டுவிட்டா. இதென்ன மருந்தோ என்று கேட்டா. நான் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், ஓம், இருமலுக்கு என்றேன்.

போன கிழமை எடுத்துப் பார்த்தேன். போத்தலில் அரைவாசிதான் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், இப்ப இருமல் எப்படி என்று.

“நல்லாக் கேக்குது பிள்ளை. முடியப் போகுது, அடுத்த முறை போகேக்க பெரிய போத்தலா வாங்கிக்கொண்டு வா.”